மறைத்தேந்தும் கைத்துப்பாக்கியும் மலையக அனுபவமும்

1

கைத்துப்பாக்கியொன்றை எவ்வாறு தெரிவு செய்வது என்னும் வினா, மேலோட்டமாக நோக்குமிடத்து, முற்றிலும் தொழில்நுட்பம் சார்ந்ததாகவே தோன்றும். குழலின் நீளம் யாது, எடை யாது, எத்தனை ரவைகள் கொள்ளும், சட்டைக்குள் மறையுமா என்பனவே அதன் உட்கூறுகள். ஐக்கிய அமெரிக்காவில் இவ்வினாவைச் சுற்றி ஒரு தனி எழுத்துவகையே வளர்ந்துள்ளது. சஞ்சிகைகளும் கைநூல்களும் விற்பனைப் பட்டியல்களும் அதனை இடையறாது விவாதிக்கின்றன. பெரிய அரைத் தன்னியக்கக் கைத்துப்பாக்கியொன்றை ஆடைக்குள் மறைத்தேந்த இயலுமா, அவ்வாறு ஏந்துவது சிறியதொன்றை ஏந்துவதிலும் மேலானதா என்பது அவ்வெழுத்துக்களில் மீள மீள எழும் கேள்வியாகும்.

இலக்கிய மாணாக்கராகிய நாம் இவ்வெழுத்துக்களையும் பிரதிகளாகவே வாசித்தல் தகும். எப்பிரதியும் தனக்கென ஒரு வாசகரை முன்னரே கற்பித்துக்கொள்கிறது. காதற் கவிதை எவ்வாறு ஒரு காதலனையும் சமயப் பிரசங்கம் எவ்வாறு ஒரு பாவியையும் எதிரே நிறுத்துகின்றனவோ, அவ்வாறே துப்பாக்கிக் கைநூலும் ஒரு மனிதரை எதிரே நிறுத்துகிறது. அம்மனிதர் யார், அவருடைய அச்சம் எத்தகையது, அவர் எவருக்கு அஞ்சுகிறார் என்னும் வினாக்களுக்கு விடை காணாது அந்நூல்களின் தொழில்நுட்பத்தை மட்டும் விளங்கிக்கொள்ளுதல் அரைகுறை விளக்கமாகவே முடியும்.

இவ்விடயம் கடல் கடந்த நாடொன்றுக்கு மட்டும் உரியதன்று. 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 19 ஆம் நாள், கொழும்பு அளுத்கடை நீதவான் நீதிமன்றம் ஒன்றின் உள்ளே, விசாரணைக்காகக் கொண்டுவரப்பட்ட கைதியொருவர் சட்டத்தரணியின் உடையணிந்து வந்த ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். துப்பாக்கி, தாள்கள் குடைந்தெடுக்கப்பட்ட சட்டநூலொன்றினுள் வைத்து மறைத்துக் கொண்டுவரப்பட்டதென்பது நாடறிந்த செய்தி. அதற்குச் சில மாதங்களின் முன்னர், 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்கெனத் தனியாருக்கு வழங்கப்பட்டிருந்த துப்பாக்கிகளை மீள ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு பணித்திருந்தது. எவரிடம் துப்பாக்கி இருக்கலாம், அது வெளிப்படையாகவா மறைவாகவா இருக்கவேண்டும் என்பவை நமது நாட்டிலும் விவாதப் பொருள்களே.

எனவே இக்கட்டுரையில் நாம் இரு பணிகளை மேற்கொள்ள விழைகிறோம். முதலாவது, பெரிய கைத்துப்பாக்கியை மறைத்தேந்துதல் பற்றிய தெரிவின் தொழில்நுட்ப அடிப்படையை உள்ளவாறே விளக்குதல். இரண்டாவது, அத்தெரிவு எத்தகைய சமூக உறவுகளின் மீது நிற்கிறது என்பதை, வட்டகொடையையும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களையும் பார்வைத் தளமாகக்கொண்டு ஆராய்தல். துப்பாக்கி என்றுமே மற்றொருவரின் தெரிவாக இருந்த ஒரு சமூகத்தின் நிலையிலிருந்து நோக்கும்போதே, 'தெரிவு' என்னும் சொல்லின் உட்பொருள் துலங்குகிறது என்பது எமது கருத்து.

2

அரைத் தன்னியக்கக் கைத்துப்பாக்கி என்பது, விசையை ஒருமுறை இழுக்க ஒரு ரவையைச் செலுத்தி, அவ்வெடிப்பின் விசையைக் கொண்டே வெற்றுக்கோதை வெளியே தள்ளி, அடுத்த ரவையைக் குழலினுள் ஏற்றிக்கொள்ளும் கருவியாகும். ரவைகள் பிடியினுள்ளே செருகப்படும் ரவைக்கூட்டில் அடுக்கப்பட்டிருக்கும். சுழல் துப்பாக்கியில் ரவைகளைத் தாங்கும் உருளை பருத்து நிற்பதால் ஆடையின்மேல் புடைப்பு உண்டாகிறது. அரைத் தன்னியக்கம் தட்டையானது. மறைத்தேந்துவோர் அதனை விரும்புவதற்கு இதுவே முதற் காரணம்.

பெரிய துப்பாக்கியை விரும்புவோர் கூறும் நியாயங்கள் நான்கு. ஒன்று, எடை. ரவை முன்னோக்கிச் செல்லுகையில் துப்பாக்கி பின்னோக்கி உதைக்கிறது. பொருள் கனமாயின் அவ்வுதைப்பின் வேகம் குறையும். நியூட்டனின் மூன்றாம் விதியைக் கற்ற பாடசாலை மாணவரும் இதனை விளங்கிக்கொள்வர். இரண்டு, குறிபார்க்கும் தூரம். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலான தூரம் கூடுமிடத்து, கையின் சிறு நடுக்கம் இலக்கில் விளைவிக்கும் பிழை குறைகிறது. மூன்று, பிடி. சிறிய துப்பாக்கியில் சுண்டுவிரலுக்கு இடமிராது. பெரியதில் முழுக்கையும் பற்றும். நான்கு, ரவைகளின் தொகை.

வரலாற்றிலிருந்து சில எடுத்துக்காட்டுகளை நோக்கலாம். அமெரிக்க இராணுவம் 1911 இல் ஏற்றுக்கொண்ட, புறவுணிங் வடிவமைத்த கோல்ற் துப்பாக்கி ஏறத்தாழ 1.1 கிலோகிராம் எடையும் 7 ரவைகள் கொள்ளும் கூடும் உடையது. 1935 இல் பெல்ஜியத்தில் வெளிவந்த புறவுணிங் ஹை-பவர் 9 மி.மீ. ரவைகள் 13 கொண்டது. 1982 இல் ஒஸ்திரிய இராணுவம் தெரிவு செய்த குளொக் 17, உடற்பகுதி பிளாஸ்டிக்காலானதால், ரவையின்றி ஏறத்தாழ 630 கிராம் எடையே கொண்டிருந்தும் 17 ரவைகளை ஏற்றது. இவற்றுக்கு மறுமுனையில், மாற்றுடையில் கடமையாற்றும் பொலிசாரை நோக்கி 1930களின் தொடக்கத்தில் ஜேர்மனியில் உருவான வால்தர் பி.பி.கே. நிற்கிறது. அதன் நீளம் 15.5 சென்ரிமீற்றர். 7.65 மி.மீ. ரவைகள் ஏழு கொள்ளும். இவ்விரு முனைகளுக்கும் இடையே 1988 அளவில் வந்த குளொக் 19, ஏறத்தாழ 18.5 சென்ரிமீற்றர் நீளமும் 15 ரவைகளும் கொண்டு சமரச வடிவமாயிற்று.

மறைத்தல் எனும் நோக்கில் ஓர் உண்மை மனங்கொள்ளத்தக்கது. பலரும் எண்ணுவதுபோல் குழலின் நீளம் பெரிய தடையன்று. அரைப்பட்டியின் உட்புறம் செருகிய துப்பாக்கியின் குழல் இடுப்புக்குக் கீழே உடலோடு ஒட்டிக் கிடக்கும். ஆடைக்கு மேலே துருத்தி நிற்பது பிடியே. ஆகவே நீண்ட குழலும் குறுகிய பிடியும் உடைய துப்பாக்கி, குறுகிய குழலும் நீண்ட பிடியும் உடையதைவிட எளிதில் மறையும். ஆனால் ரவைகளின் தொகையையும் பற்றுறுதியையும் தருவது அதே பிடிதான். ஒரு பயன் கூடுமிடத்து மறுபயன் குறைகிறது. உறுதியான அரைப்பட்டி, விசையை முற்றாக மூடும் உறை, தளர்ந்த மேலாடை ஆகியவற்றால் இம்முரணைத் தணிக்கலாமேயன்றி நீக்க இயலாது.

பெரிதா சிறிதா என்னும் இக்கேள்வி நமது காலத்தில் பிறந்ததுமன்று. 1872 இல் இங்கிலாந்தின் வெப்ளி நிறுவனம் மேலங்கிப் பையில் அடங்கும் 'புல்டோக்' என்னும் குட்டைச் சுழல் துப்பாக்கியை விற்பனைக்கு விட்டது. அதே நிறுவனம் இராணுவ அலுவலருக்கென அரைப்பட்டியில் தொங்கும் பெருந்துப்பாக்கிகளையும் செய்தது. பேரரசின் தூரப்பகுதிகளுக்குப் பயணமான ஆங்கிலேயர் இலண்டன் விற்பனைப் பட்டியல்களில் இரண்டையும் கண்டனர். அலுவலர் சீருடையோடு ஏந்தியது கண்ணுக்குத் தெரிவது. தனிமனிதர் பையில் இட்டது தெரியாதது. அதிகாரம் ஆயுதத்தைக் காட்டிற்று. அச்சம் அதனை ஒளித்தது. இன்றைய 'பெரிய துப்பாக்கி, மறைவான உறை' என்னும் தெரிவு இவ்விரண்டையும் ஒன்றாக்க முயல்கிறது. அதிகாரத்தின் முழு வலுவும் வேண்டும். அது பிறர் கண்ணிற் படவும் கூடாது.

3

இனி, இப்பிரதிகள் எதிரே நிறுத்தும் வாசகரை நோக்குவோம். அவருக்குத் தளர்ந்த மேலாடையும் தடித்த அரைப்பட்டியும் உண்டு. கிழமைதோறும் சுட்டுப் பழகுவதற்கு ஓய்வும், ரவைகளுக்குப் பணமும் உண்டு. உரிமம் கேட்டால் மறுக்காத அரசு உண்டு. பொலிசார் வழிமறித்துச் சோதித்தால், இடுப்பிலுள்ள துப்பாக்கி தம்மைக் குற்றவாளியாக்காது என்னும் நம்பிக்கை உண்டு. இத்தகுதிகளெல்லாம் இயல்பானவை போலக் கூறாமலே விடப்படுகின்றன. கருத்துநிலை செயற்படும் முறை இதுவே. அது பொய்யுரைக்க வேண்டியதில்லை. சிலருடைய நிலையை அனைவருடைய நிலையாகக் காட்டினாற் போதும்.

அமெரிக்க வரலாறே இதற்குச் சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு மறைத்தேந்துதல் இழிவாகக் கருதப்பட்டது. கென்ரக்கி, லூசியானா ஆகிய மாநிலங்கள் 1813 இலேயே அதனைத் தடைசெய்தன. நேர்மையான மனிதன் ஆயுதத்தை வெளிப்படையாகவே ஏந்துவான் என்பது அக்கால அறம். 1967 இல் கறுப்பின இளைஞர்கள் 'கருஞ்சிறுத்தைகள்' என்னும் இயக்கமாகத் திரண்டு கலிபோர்னியாவில் வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்திப் பொலிசாரின் நடவடிக்கைகளைக் கண்காணித்தபோது, அதே ஆண்டில் அம்மாநிலம் மல்போர்ட் சட்டத்தை இயற்றி, ரவையேற்றிய துப்பாக்கியைப் பொதுவிடத்தில் ஏந்துவதைத் தடுத்தது. கையெழுத்திட்டவர் ஆளுநர் றீகன். பின்னர் 1987 இல் புளோரிடா, தகுதியுடைய எவருக்கும் மறைத்தேந்தும் உரிமம் வழங்கும் சட்டத்தைக் கொணர்ந்தது. பிற மாநிலங்களும் பின்பற்றின. 2022 இல் புறுவன் வழக்கில் உச்ச நீதிமன்றம், வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கி ஏந்துதலை அரசியலமைப்பு உரிமையாக ஏற்றது. வெளிப்படை கண்ணியம் என்றும் மறைவு இழிவு என்றும் கொள்ளப்பட்ட அறம், நூற்றைம்பது ஆண்டுகளில் தலைகீழாயிற்று. ஆயுதம் மாறியதைவிட, அதனை ஏந்தக்கூடியவர் எவர் என்னும் அச்சமே இம்மாற்றத்தில் பெரிதும் தொழிற்பட்டது எனலாம்.

4

நமது பகுதிகளில் துப்பாக்கிச் சட்டத்தின் வர்க்க, இனத் தன்மை இன்னும் அப்பட்டமானது. 1878 ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம் இந்தியரை உரிமமின்றி ஆயுதம் வைத்திருக்கவிடாது தடுத்தது. அதன்கீழ் அமைந்த விதிகளால் ஐரோப்பியர் விலக்குப் பெற்றனர். குடகில் மட்டும், குடகு இனத்தவருக்கும் 'ஜம்மா' என்னும் நிலவுரிமை பெற்றோருக்கும் விலக்கு வழங்கப்பட்டது. காப்பித் தோட்டங்கள் நிறைந்த அம்மலைநாட்டில் துப்பாக்கி உரிமை நிலவுரிமையோடு பிணைக்கப்பட்டிருந்தமை கவனத்திற்குரியது. அத்தோட்டங்களில் நிலமின்றி உழைத்தவர் அவ்விலக்கின் எல்லைக்குள் வரவில்லை.

இலங்கையில் துப்பாக்கிகளை ஒழுங்குபடுத்தும் மூலச் சட்டம் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். 1915 ஆம் ஆண்டுக் கலவரமும், அதனை அடக்குவதில் ஐரோப்பியத் தொண்டர் படையினரும் ஈடுபடுத்தப்பட்டமையும் நிகழ்ந்து ஓராண்டின் பின் அது இயற்றப்பட்டது. திருத்தங்களோடு இன்றும் அது நடைமுறையில் உள்ளது. அதன்படி துப்பாக்கி வைத்திருத்தல் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படவேண்டிய ஒரு சலுகை, உரிமையன்று. சலுகையை வேண்டுவோருக்கு முகவரியும் சொத்தும் செல்வாக்கும் துணை நிற்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

மலையகத்தில் துப்பாக்கி தேயிலைக்கு முன்னரே வந்தது. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர், தமது வேட்டை அனுபவங்களையே நூலாக எழுதினார். யானை வேட்டையாலும் காடழிப்பாலும் வெறுமையாக்கப்பட்ட சரிவுகளிலேயே காப்பியும், பின் தேயிலையும் நடப்பட்டன. 1900 இல் தோட்டத்துரைமார் றைபிள் படை அமைக்கப்பட்டது. 1949 இல் அது கலைக்கப்படும்வரை, காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுத்த துரை, சீருடை அணிந்த நாளில் படைவீரராகவும் இருந்தார். நிருவாகமும் படையும் ஒரே உடலில் குடியிருந்தன.

தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்ரனுக்கும் இடையே புகையிரதம் நிற்கும் வட்டகொடையில் இறங்கி, எத்தோட்டத்துப் பாதையில் ஏறினாலும் ஓர் ஒழுங்கைக் காணலாம். மேட்டில் பங்களா. சற்றுத் தாழ்வில் உத்தியோகத்தர் குவாட்டர்ஸ். அதற்கும் கீழே தொழிற்சாலையும் லயங்களும். பங்களாவிலிருந்து லயத்தை நோக்கலாம். லயத்திலிருந்து பங்களாவின் உட்புறத்தைக் காணவியலாது. மறைவு என்பது இங்கு ஆடையின் மடிப்பில் இல்லை. நிலத்தின் அமைப்பிலேயே உண்டு. துரையின் அலுமாரியில் துப்பாக்கி உண்டா, எத்தனை உண்டு என்பது கீழே உள்ளவர் அறியாதது. அறியாமையே அச்சத்தை வளர்த்தது.

லயத்தின் நிலையோ இதற்கு நேரெதிர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பம் வாழுமிடத்து எப்பொருளும் மறைவாயிராது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் உடையில் பையே இல்லை. தலையிலிருந்து தொங்கும் கூடை அவளுடையதன்று, தோட்டத்தின் கணக்குக்குரியது. கவ்வாத்துக் கத்தியே ஆணின் கையிலுள்ள கூர்மையான பொருள், அதுவும் தொழிற்கருவி. 2024 செப்டெம்பரில் சம்பளச் சபை நிர்ணயித்த நாட்கூலி 1,350 ரூபா. அமெரிக்கச் சந்தையில் சாதாரண அரைத் தன்னியக்கத் துப்பாக்கியொன்றின் விலை ஐந்நூறு டொலர் எனக் கொண்டால், அது நூறு நாளுக்கு மேற்பட்ட உழைப்பின் கூலியாகும். ரவைக்கும் உறைக்கும் பயிற்சிக்கும் ஆகும் செலவு இதன் மேலது. கைநூல்கள் கற்பித்த வாசகர் இங்கு இல்லை.

மலையக எழுத்தின் முன்னோடியாகிய சி. வி. வேலுப்பிள்ளை 1914 இல் வட்டகொடைப் பகுதியின் மடக்கொம்பரைத் தோட்டத்திலே பிறந்தவர். தொழிற்சங்கவாதியாகவும், 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கியவர். அடுத்த ஆண்டே வந்த 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்த வாக்குரிமைப் பறிப்பும், அவரைத் தெரிந்தனுப்பிய மக்களையே நாடற்றோராக்கின. துப்பாக்கியைத் தெரிவு செய்யும் உரிமையைப் பற்றிப் பேசுமுன், பிரதிநிதியைத் தெரிவு செய்யும் உரிமையே பறிக்கப்பட்ட மக்களைப் பற்றி நாம் பேசவேண்டியவர்களாயுள்ளோம். நாடற்றோர் என எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 வரை முழுமை பெறவில்லை.

5

தோட்டங்களில் துப்பாக்கி வெடித்த சந்தர்ப்பங்கள் சில வரலாற்றிற் பதிந்துள்ளன. 1940 சனவரியில், ஹேவாஹெற்றைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். விசாரணை ஆணைக்குழு அமர்ந்தது, கொல்வின் ஆர். டி சில்வா தொழிலாளர் தரப்பில் வாதாடினார். மறு ஆண்டு புப்புரஸ்ஸைப் பகுதியின் ஸ்ரெலன்பேர்க் தோட்டத்தில் துரையொருவர் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். தொழிலாளர் இருவர் தூக்கிலிடப்பட்டனர். கோவிந்தனின் மரணத்திற்காக எவரும் தூக்குமேடை ஏறவில்லை. சட்டத்தின் தராசு எப்பக்கம் சாய்ந்திருந்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

1977 மே 11 ஆம் நாள், வட்டகொடைக்கு அண்மையிலுள்ள டெவன் தோட்டத்தில், சிவனு லெட்சுமணன் என்னும் இளந்தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற்குப் பலியானார். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணிகளைப் பகிர்ந்தளிக்கும் முயற்சியைத் தொழிலாளர் எதிர்த்து நின்றபோது இது நிகழ்ந்தது. அதே ஆண்டின் ஓகஸ்ட்டிலும், 1981 இலும், 1983 ஜூலையிலும் லயங்கள் எரிக்கப்பட்டன. மக்கள் தேயிலைச் செடிகளுக்கிடையே இரவுகளைக் கழித்தனர். ஆயிரக்கணக்கானோர் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்குப் பெயர்ந்தனர்.

இங்குதான் கடினமான வினா எழுகிறது. அந்த மக்களிடம் துப்பாக்கிகள் இருந்திருந்தால்? இவ்வினாவை இகழ்ந்து ஒதுக்குவது நேர்மையாகாது. எரியும் லயத்தின் முன் நின்ற தந்தையிடம், தற்காப்பு என்பது வெறும் முதலாளித்துவக் கருத்துநிலை என்று கூற எமக்கு உரிமையில்லை. 1968 டிசம்பர் 25 இரவு தஞ்சைக் கீழ்வெண்மணியில் மிராசுதாரின் ஆட்கள் துப்பாக்கிகளோடு வந்தபோது, குடிசையொன்றில் தஞ்சம் புகுந்த 44 பேர் தீயில் மாண்டனர். ஆயுதமின்மை தன்னளவில் ஒரு பாதுகாப்பன்று என்பதை அந்நிகழ்வு காட்டுகிறது.

ஆயினும் மேற்கண்ட தொழில்நுட்ப விளக்கத்தையே துணைக்கொண்டு இவ்வினாவைப் பரிசோதிக்கலாம். மறைத்தேந்தும் கைத்துப்பாக்கி தனியொருவர், சில அடித் தூரத்தில், சில வினாடிகளுள் பயன்படுத்துவதற்கென வகுக்கப்பட்டது. அது ஒரு வழிப்பறிக்காரனைக் கற்பித்துக்கொள்கிறது. எரிபந்தங்களோடு வரும் கூட்டத்தையோ, கட்டளை பெற்றுச் சுடும் பொலிஸ் அணியையோ அது கற்பித்துக்கொள்ளவில்லை. பதினைந்து ரவைகளா பதினேழா என்னும் விவாதம் அங்கு பொருளற்றது. 2022 மே 9 ஆம் நாள் நிட்டம்புவையில் நிகழ்ந்ததும் இதனையே உணர்த்துகிறது. சூழ்ந்த கூட்டத்தின் நடுவே துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. ஈற்றில் பாராளுமன்ற உறுப்பினரும் அவருடைய பாதுகாப்பு உத்தியோகத்தரும் கொல்லப்பட்டனர். சமூக முரண்பாடு கூட்டமாகத் திரண்டு வருகையில் இடுப்பிலுள்ள துப்பாக்கி தீர்வாவதில்லை. பல வேளைகளில் தீக்கு நெய்யாகிறது.

முல்லோயாவின் பின் நடந்ததை இதனோடு ஒப்புநோக்குதல் வேண்டும். 1940 இல் தோட்டந்தோறும் பரவிய வேலைநிறுத்தங்களின் பயனாக, அதுவரை தொழிற்சங்கத்தோடு பேச மறுத்த தோட்டத்துரைமார் சங்கம் அதே ஆண்டில் ஏழு அம்ச உடன்படிக்கைக்கு இணங்கிற்று. டெவனில் துப்பாக்கி ஏந்தியவர் பொலிசார். ஆயினும் 7,000 ஏக்கர் திட்டம் நிறைவேறவில்லை. இவ்விரு வெற்றிகளும் முழுமையானவையல்ல. கொடுத்த விலையோ பெரிது. எனினும் அவை மறைவாக வென்றெடுக்கப்படவில்லை. பெயர் சொல்லி, முகம் காட்டி, பிரட்டுக்களத்தில் வேலைக்கு இறங்க மறுத்து நின்றவர்களால் வென்றெடுக்கப்பட்டன. தொழிலாளியின் வலிமை மறைத்தேந்தக்கூடியதன்று. எண்ணிக்கையாக வெளிப்படும்போதே அது வலிமையாகிறது.

1983 இன் பின் ஆயுதமே விடிவு என நம்பிய தலைமுறையொன்று, மலையக இளைஞர் சிலரும் உட்பட, அப்பாதையிற் சென்றது. அவ்வரலாற்றை இங்கு விரித்தல் இயலாது. ஆயுதம் சிலர் கைக்குச் சென்றதும் மக்கள் பார்வையாளராயினர் என்பதும், ஏந்திய துப்பாக்கி காலப்போக்கில் சக போராளிகளையும் மாற்றுக் கருத்தினரையும் நோக்கித் திரும்பியது என்பதும் நாம் அனைவரும் பட்டறிந்தவை.

6

இன்னொரு விடயமும் கூறப்படுதல் வேண்டும். கைநூல்களின் கற்பனையில் பகைவர் என்றும் வெளியிலிருந்தே வருகிறார். ஆய்வுகள் கூறுவது வேறு. 1993 இல் அமெரிக்க மருத்துவர் கெல்லர்மனும் சகபாடிகளும் வெளியிட்ட ஆய்வு, துப்பாக்கி உள்ள வீடுகளில் கொலை நிகழும் சாத்தியம் ஏனையவற்றிலும் ஏறத்தாழ 2.7 மடங்கு எனக் கண்டது. அவ்வாய்வின் முறை பற்றி விவாதம் உண்டு. ஆயினும் கலிபோர்னியாவில் பெருந்தொகையினரைத் தொடர்ந்து அவதானித்து 2020 இலும் 2022 இலும் வெளிவந்த ஆய்வுகளும், துப்பாக்கியாளரிடையே தற்கொலையும், அவரோடு ஒரே வீட்டில் வாழ்வோரிடையே கொலை மரணமும் மிகுதி எனக் காட்டின. அவ்வாறு தம் வீட்டினுள்ளே துணைவரால் சுடப்பட்டு இறந்தோருள் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

இதனை விளங்கிக்கொள்ள இலங்கையருக்கு அமெரிக்கச் சான்று வேண்டியதுமில்லை. 1995 இல் நமது நாட்டின் தற்கொலை வீதம் நூறாயிரம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆக, உலகின் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. விவசாயக் கிருமிநாசினிகளே பெரும்பாலான மரணங்களுக்குக் கருவியாயின. கடும் நச்சுத்தன்மை வாய்ந்தவை படிப்படியாகத் தடைசெய்யப்பட்டதும், இருபது ஆண்டுகளில் அவ்வீதம் மூன்றிலொரு பங்களவுக்கு வீழ்ந்தது. மனிதரின் துயரம் இருபதாண்டுகளில் மூன்றிலொன்றாகிவிடவில்லை. வறுமையும் கடனும் குடியும் குடும்ப முரண்பாடும் தொடர்ந்தன. கைக்கெட்டும் தூரத்தில் கொடிய பொருள் இல்லாமற் போனமையே உயிர்களைக் காத்தது. கிருமிநாசினிப் போத்தலுக்குப் பொருந்தும் இவ்வுண்மை துப்பாக்கிக்கும் பொருந்தும். ஒற்றை அறை லயத்தில் அதற்கு மறைவிடமும் இல்லை. பிள்ளைகளின் கைக்கெட்டாத உயரமும் இல்லை.

7

எமது ஆய்வின் பேறுகளைத் தொகுத்துரைக்கலாம். தொழில்நுட்ப நோக்கில், பெரிய அரைத் தன்னியக்கத் துப்பாக்கி சிறியதிலும் துல்லியமாகச் சுடவல்லது. பயிற்சியும் தக்க உறையும் உடையவரால் மறைத்தேந்தப்படவும் கூடியது. இதனை மறுப்பதற்கில்லை. ஆனால் அத்தெரிவு, சொத்தும் ஓய்வும் சட்டத்தின் நம்பிக்கையும் உடைய தனிமனிதரை முன்னுமானித்து நிற்கிறது. அவருடைய அச்சத்தைப் பொதுமானிட அச்சமாகவும், அவருடைய தீர்வைப் பொதுத்தீர்வாகவும் அது முன்வைக்கிறது. மலையகத்தின் வரலாறு இம்முன்னுமானத்தை உடைத்துக் காட்டுகிறது. இங்கு துப்பாக்கி நிலத்தோடும் நிருவாகத்தோடும் அரசோடும் சேர்ந்து வந்தது. அதற்கு எதிரில் நின்ற மக்களைக் காத்தவை, ஓரளவுக்கேனும் காத்தவை, அமைப்பும் வாக்கும் பகிரங்கமான ஒற்றுமையுமே.

பாதுகாப்பு என்னும் தேவை உண்மையானது. வட்டகொடையின் தாயொருத்தி இரவில் கதவைத் தாழிடுகையில் அஞ்சுவது கற்பனைக்கு அல்ல. அவளுக்கு வேண்டியவை உறுதியான கதவுள்ள சொந்த வீடு, அவ்வீடு நிற்கும் நிலத்திற்கு உறுதிப்பத்திரம், தனது மொழியில் முறைப்பாட்டை எழுதிக்கொள்ளும் பொலிஸ் நிலையம், குடித்துவிட்டு அடிக்கும் கணவனுக்கு எதிராக நாடத்தக்க சட்டம் என்பனவே. இவற்றை எந்த அரைப்பட்டியிலும் செருக இயலாது. இவற்றிற்கான போராட்டம், டெவனில் வீழ்ந்த இளைஞனின் காலத்திற் போலவே, இன்றும் வெளிச்சத்தில் நின்றே நடத்தப்படவேண்டியதாகும்.